காற்று மேட்டில் நட்ட மரங்கள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாம் துவாஸுக்குப் போயிருந்தோம். சிங்கப்பூரின் மேற்குக் கோடி அது. ரயில் நம்மைக் கடைசி நிலையத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. அதற்கப்பால் லாரி ஓடும் சாலைகள், கப்பல் பட்டறைகள், தொழிலாளர் விடுதிகள், கடலைத் தூர்த்து உண்டாக்கிய தரை. மேடு என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. தோட்டத்து மக்களுக்கென்று ஒதுக்கிய இந்தப் பக்கத்தில் அந்தத் தட்டை நிலத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தாயின் கடிதம்தான் நம்மை அங்கே இழுத்துக்கொண்டு போயிற்று.

அந்தத் தாய் கோத்தகிரிப் பக்கத்தில் கொழுந்தெடுப்பவர். அவருடைய மாமனார் மாமியார் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அவர் எழுதியதன் சாரம் இது. அவர்கள் லயத்துக்கு மேலே ஒரு புல் மேடு இருக்கிறது. காற்று வீசினால் ஆள் நிற்க முடியாது. அந்த மேட்டின் இடுப்பில் இருக்கிற ஊற்றிலிருந்துதான் லயத்துப் பீலிக்குத் தண்ணீர் வருகிறது. மேடு மொட்டையாகக் கிடக்கிறதாம். ஆயிரம் கன்று இனாமாகத் தருகிறோம், சீக்கிரமாக வளர்கிற ஜாதி, குழி எடுக்க நாள் கூலியும் உண்டு என்று சிலர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். லயத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள். பாதிப் பேர் பீலி என்னாகும் என்று பயப்படுகிறார்கள். "மரம் வைப்பது புண்ணியம் என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொன்னால் பாவமா? என் மகன் துவாஸில் வேலை செய்கிறான். அவனைக் கேட்டால் 'வச்சுட்டுப் போங்கம்மா' என்கிறான். நீங்கள் ஒருதரம் அவனைப் பார்த்துப் பேசுங்கள்" என்று முடித்திருந்தார்.

மகனைப் பார்த்தோம். கட்டுமான வேலையில் இருக்கிறார், வயது இருபத்தைந்துக்குள். ஞாயிறு என்றால் மற்றவர்கள் எல்லாம் தேக்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இவர் நமக்காக விடுதி வாசலில் காத்திருந்தார். கூடவே இன்னொருவரையும் அழைத்து வந்திருந்தார். அவர் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், பத்து வயது மூத்தவர், தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. ஒருவர் தாத்தா கப்பலேறினார். மற்றவர் தாத்தா தோட்டத்திலேயே இருந்துவிட்டார். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தது. அப்படிப் பிரிந்த இரண்டு லயத்துப் பேரப்பிள்ளைகள் துவாஸில் ஒரே விடுதியில் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். இதை ஒப்பந்தம் போட்டவர்கள் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

மூவரும் சாலையோரமாக நடந்தோம். வரிசையாகப் புதுக் கன்றுகள். 2020ல் சிங்கப்பூர் பத்து லட்சம் மரம் நடும் இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. 2030க்குள் நட்டு முடிப்பது என்று அப்போது இலக்கு வைத்தார்கள். கன்றுக்குக் கன்று முட்டுக்கம்பு கொடுத்து, பட்டையால் கட்டியிருந்தார்கள். மூத்தவர் ஒரு கன்றின் அருகே நின்று கட்டை விரலால் நெருடிப் பார்த்தார்.

"பாத்தீங்களா ஐயா, கட்டு லூசா இருக்கு. இப்படித்தான் இருக்கணும். இறுக்கிக் கட்டினா மரம் சோம்பேறியாப் போயிரும்" என்றார்.

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் சொன்னது சரிதான். இளங்கன்று காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் அடித்தண்டு பருக்கும், வேர் ஊன்றும். அசையாமல் கட்டி வைத்த மரம் கட்டை அவிழ்த்த அன்றைக்கே சாயும். இது எப்படித் தெரியும் என்று கேட்டோம்.

"எங்கப்பா மலையில பைன் கன்னு நட்டவரு ஐயா. நானும் சின்னப் பையனா கூடப் போயிருக்கேன். நடறப்போ எல்லாரும் சந்தோஷமாத்தான் இருந்தோம். கன்னு வளந்து தலைக்கு மேல போச்சு. பொறகு மாசிப் பங்குனியில எங்க பீலி நூலு மாதிரி ஆயிருச்சு. கீழ விழுந்த ஊசியெல மெத்த மாதிரி கெடக்கும், ஒரு நெருப்புக் குச்சி போதும், மலையே எரியும்."

இளையவர் விடவில்லை. "அண்ணே, எங்க ஊர்ல கற்பூர மரம் இல்லாட்டி வெறகு ஏது? குளுருக்கு அடுப்பு எரிய வேணாமா?"

"நாங்க அதைக் கருப்பந்தைல மரம்னு சொல்லுவோம். வெறகுக்கு வை, வேணாங்கல. ஊத்துத் தலையில எதுக்குடா வைக்கிற?"

இவ்வளவுதான் விஷயம். மரம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே இல்லை. எந்த மரம், எந்த இடத்தில், யார் தண்ணீருக்கு மேலே என்பதுதான் கேள்வி. அந்தத் தாய்க்கு இந்தப் பக்கத்தின் வழியாகவே பதில் எழுதுகிறோம். இதே மாதிரி மேடு உங்கள் தோட்டத்திலும் இருக்கலாம்.

நீலகிரியின் கதையிலிருந்து தொடங்குவோம். வெள்ளைக்காரர்கள் அந்த மலைக்குப் போனபோது மேல்மலையில் இரண்டு விதமான நிலத்தைப் பார்த்தார்கள். பள்ளங்களிலும் ஓடையோரங்களிலும் அடர்ந்த சோலை; மேடுகளிலும் சரிவுகளிலும் புல். தோடர்களின் எருமை மேய்ந்த புல் அது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்த புல். கடைசியாகப் பெரிய அளவில் 2018ல் பூத்தது. வந்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் மொட்டை மலையாகத்தான் பட்டது. ஊட்டியிலும் வெலிங்டன் ராணுவ முகாமிலும் அடுப்புக்கும் கணப்புக்கும் விறகு வேண்டியிருந்தது. சோலையை வெட்டினார்கள். வெட்ட வெட்ட அது திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில்தான், 1843ல், ஆஸ்திரேலியாவின் கற்பூர மரம் நீலகிரிக்கு வந்தது. சீகையும் அந்தக் காலத்தில் வந்ததுதான். 1863ல் ஊட்டிக்குப் பக்கத்தில் ஆரம்பி என்ற இடத்தில் பெரிய அளவில் கற்பூரத் தோப்பு போட்டார்கள்.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். கற்பூரம் வந்திராவிட்டால் மிச்சமிருந்த சோலையும் அடுப்புக்குள் போயிருக்கும். பத்து ஆண்டில் வெட்டலாம், அடிக்கட்டையிலிருந்து மறுபடி தழைக்கும், இலையிலிருந்து தைலம் காய்ச்சலாம். தைலம் காய்ச்சிப் பிழைத்த குடும்பங்கள் நீலகிரியில் எத்தனையோ. ஆகவே கற்பூரத்தைத் திட்டுவது நம் வேலை இல்லை.

தவறு நடந்தது பிறகு. நாடு விடுதலை அடைந்ததற்குப் பின் வந்த பத்தாண்டுகளில் தோல் பதனிட சீகைப் பட்டை, செயற்கைப் பட்டு இழை ஆலைகளுக்கு மரக்கூழ் என்று தேவை பெருகிற்று. புல் மேடுகள் 'பயனற்ற நிலம்' என்று எழுதப்பட்டன. எழுதிய கையோடு சீகையும் கற்பூரமும் பைனும் மலை மலையாக நடப்பட்டன. நட்டவர்கள் யார்? நம்மவர்கள்தான். தாயகம் திரும்பியோர் என்று பெயர் கொடுக்கப்பட்டு மண்டபம் முகாமிலிருந்து மலைக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. 1968ல் தொடங்கிய அந்தத் திட்டம்தான் பிறகு டான்டீ ஆயிற்று. அங்கே இடம் கிடைக்காதவர்கள் குழி வெட்டவும் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் போனார்கள். கொடைக்கானல் மலையில் சிலர் முன்பணம் வாங்கி, அதை அடைக்க முடியாமல், சீகைக் காட்டிலேயே கொத்தடிமையாகக் கிடந்தது 1980களில் வெளியே தெரிந்தது. மரம் நடும் விஷயம் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசுவது நமக்கு ஒப்பவில்லை.

இப்போது பீலிக்கு வருவோம். புல் மேட்டில் மரம் வைத்தால் தண்ணீர் கூடுமா குறையுமா என்று ஊருக்கு ஊர் வாதாடுகிறோம். நீலகிரியில் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். பைக்காராவை அடுத்த கிளன்மார்கனில், ஊட்டியிலுள்ள மண் மற்றும் நீர்வள ஆராய்ச்சி மையத்தார் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு பள்ளத்தாக்குகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டும் புல் நிலம். இரண்டிலிருந்தும் ஓடிவரும் தண்ணீரைச் சில ஆண்டுகள் அளந்து வைத்துக்கொண்டார்கள். பிறகு 1972ல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றொன்றில் பாதிக்குச் சற்று அதிகமான பரப்பில் கற்பூரம் நட்டார்கள். பத்து ஆண்டு அளந்ததில், மரம் நட்ட பள்ளத்தாக்கிலிருந்து வந்த தண்ணீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்திருந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டை தழைத்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

ஆண்டுக் கணக்கில் 16 என்பது பெரிய எண்ணாகத் தெரியாது. ஆனால் பீலியை நம்பி வாழ்கிறவர்களுக்கு ஆண்டுக் கணக்கு எதற்கு? ஆடி மாதத்துத் தண்ணீர் ஓடிப் போனால் யார் கேட்கிறார்கள்? மாசி, பங்குனி, சித்திரையில் குடம் நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் நம் கணக்கு. அந்தக் கோடை ஓட்டத்தில்தான் மரம் கை வைக்கிறது.

காரணம் கஷ்டமானதல்ல. மேல்மலைப் புல்லுக்கு வேர் ஆழம் குறைவு. பனிக்காலத்திலும் கோடையிலும் அது காய்ந்து, குடிப்பதை நிறுத்திவிட்டு அடங்கிக் கிடக்கும். அதன் கீழே இருக்கிற கறுப்பு மண் பஞ்சு மாதிரி மழையை வாங்கி வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக ஊற்றுக்குக் கொடுக்கும். கற்பூரத்துக்கு அந்த அடக்கம் கிடையாது. பன்னிரண்டு மாதமும் பச்சை இலை. வேர் கீழே கீழே போகும். நாம் குடத்தோடு காத்திருக்கும் அதே மாதத்தில் அதுவும் குடித்துக்கொண்டிருக்கும்.

'அப்படியானால் மொட்டை மலையை அப்படியே விட்டுவிடுவதா?' என்று இளையவர் கேட்டார். அது மொட்டை இல்லை என்பதைத்தான் நாம் முதலில் புரிந்துகொள்ள வேண்டும். மொட்டை என்றால் மயிர் போன இடம். இங்கே எதுவும் போகவில்லை. மேல்மலை மேட்டில் மார்கழி, தை மாதங்களில் உறைபனி கொட்டும். சோலை மரத்தின் நாற்று அதில் கருகிவிடும். காற்றும் எப்போதாவது வருகிற தீயும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஆகவே புல்தான் அங்கே குடியானவன். காட்டுப் பூவரசு மட்டும் தடித்த பட்டையைப் போர்த்திக்கொண்டு புல்லின் நடுவே ஒற்றை ஒற்றையாக நிற்கும். வெட்டிக் கெட்டுப்போன காடு வேறு, புல்லாகவே பிறந்த மலை வேறு. முன்னதில் மரம் வைக்கலாம், வைக்க வேண்டும். பின்னதில் வைத்தால் ஊற்றுக்கு உலை.

இதை நாம் மட்டும் கற்றுக்கொண்டதாக நினைக்க வேண்டாம். நம் துரைமார்களில் பாதிப் பேரை அனுப்பி வைத்த ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே வடக்கே ஃப்ளோ கன்ட்ரி என்று சதுப்பு மேடு. மரமில்லாத, காற்றடிக்கிற வெளி. மரம் வைக்கிறவர்களுக்கு வரிச் சலுகை என்று அரசாங்கம் சொன்னதும், 1980களில் அந்த ஈரமேட்டைப் பார்த்தறியாத பணக்காரர்கள்கூட அங்கே ஊசியிலை மரம் நடப் பணம் போட்டார்கள். ஈரமண்ணை உழுது வடிகால் வெட்டினார்கள். 1988ல் சலுகை நின்றது, நடவும் நின்றது. பிறகு அதே மரங்களை வெட்டி, அதே வடிகால்களை அடைத்து, சதுப்பைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். 2024ல் அந்தச் சதுப்பு உலகப் பாரம்பரிய இடமாக அறிவிக்கப்பட்டது. வைக்கவும் செலவு, எடுக்கவும் செலவு.

தென்னாப்பிரிக்காக்காரர்கள் இன்னும் கறாராக இருந்தார்கள். பைன், கற்பூரம், சீகைத் தோப்புகள் ஆற்றைக் குடிக்கின்றன என்று கண்டு, 1972லேயே அனுமதிச் சீட்டு இல்லாமல் புதுத் தோப்பு போடக்கூடாது என்று சட்டம் செய்தார்கள். 1995ல் அயல் மரங்களை வெட்டி எடுக்கும் வேலையையே ஏழைகளுக்கான வேலைத் திட்டமாக ஆக்கினார்கள். தண்ணீரும் திரும்பியது, கூலியும் கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் காற்று திரும்பியிருக்கிறது. 2022ல் அரசு அயல் தாவரங்களை அகற்றி இயற்கைக் காட்டை மீட்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. நீலகிரியில் சீகையை வெட்டி எடுக்கிறார்கள். ஆனால் சீகை லேசில் போகிற விருந்தாளி இல்லை. அதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் தூங்கும். தீ பட்டால் எழுந்துகொள்ளும். வெட்டிய இடத்தில் நெல் நாற்று மாதிரி முளைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. நடும்போது ஒருநாள் வேலை, எடுக்கும்போது ஒரு தலைமுறை வேலை.

இலங்கையில் பைன் கதை கொஞ்சம் ஆறுதலாகவும் முடிந்திருக்கிறது. சிங்கராஜா காட்டின் ஓரத்தில் நட்ட பைன் தோப்பில், நடுநடுவே சில வரிசைகளை வெட்டி வெளிச்சம் விட்டு, அந்த இடைவெளியில் நாட்டு மரக் கன்றுகளை வைத்துப் பார்த்தார்கள். பைன் நிழல் தாய் மாதிரி காத்தது; கன்றுகள் வளர்ந்தன. ஆனால் அது மழைக்காட்டு ஓரம், மலையகத்து மானாப்புல் மேடு அல்ல. இருந்தாலும், ஏற்கெனவே பைன் நிற்கிற இடத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மொட்டையடிக்காமல் இப்படி வழி தேடலாம்.

மூத்தவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்ப எங்கதான் மரம் வைக்கிறது, அதைச் சொல்லுங்க" என்றார்.

வைக்க வேண்டிய இடங்கள் இருக்கின்றன. முதலாவது, காற்றுத் தடுப்பு. காற்றடிக்கிற மலையில் தேயிலையே நிமிராது, இளங்கொழுந்து கருகும். நம் தோட்டங்களில் சில்வர் ஓக்கும் கற்பூரமும் வரிசையாக நிற்பது அழகுக்கு அல்ல. ஆனால் தடுப்பு என்றதும் சுவர் மாதிரி நெருக்கி வைக்கிறார்கள். அது தப்பு. முழுக்க அடைத்தால் காற்று மேலேறி அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்து சுழலும். தேயிலைக்கு முன்னைவிடக் கேடு. பாதிக் காற்றைப் போகவிட்டுப் பாதியைப் பிடிக்கிற சல்லடை மாதிரி இருக்க வேண்டும். இரண்டு மூன்று வரிசை, காற்றுக்குக் குறுக்காக, ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் மரம் வருகிற மாதிரி. மரத்தின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரைக்கும் அதன் காப்பு நன்றாக இருக்கும். முப்பது அடி மரம் முந்நூறு அடியைக் காக்கும். அப்படியானால் மலை முழுக்க எதற்கு மரம்? வரிசை போதும்.

இரண்டாவது, விறகு. லயத்துப் பெண்கள் தலைச்சுமையாகக் கொண்டுவருவது எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும். அதற்கென்று தோட்டத்துக்குள்ளேயே, ஊற்றுக்கும் லயத்துக்கும் கீழே, ஒரு துண்டு நிலத்தில் கற்பூரம் வைத்து முறைபோட்டு வெட்டலாம். மூன்றாவது, வெட்டிக் கெட்டுப்போன சோலை ஓரங்கள், ஓடைக்கரைகள். அங்கே நாவல், காட்டுச் செண்பகம் போன்ற அந்த மண்ணின் மரங்கள். மெதுவாகத்தான் வளரும். பொறுமை இல்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

நடுகிற விதத்தையும் சொல்லிவிடுகிறோம். இதில்தான் கூலிக்காரர் மேல் பழி வருகிறது. காற்று மேட்டுக்கு உயரமான கன்று ஆகாது. ஒரு அடி, ஒன்றரை அடிக் கன்றுதான் நிலைக்கும். நாற்றுப் பையில் நாள்பட்ட கன்றின் வேர் பையின் அடியில் பாம்பு மாதிரி சுருண்டிருக்கும். அந்தச் சுருளை நறுக்கிவிடாமல் நட்டால் கன்று வளரும், மரமாகும், பத்தாம் வருஷம் ஒரு காற்றில் அப்படியே பெயர்ந்து விழும். அன்றைக்குக் காற்றைத்தான் திட்டுவார்கள். ஒன்றரை அடிக் குழி எடுத்து, மேல்மண்ணை அடியில் போட்டு, கன்றைத் தரை மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக வைத்து, காற்று வருகிற பக்கம் ஒரு கல்லோ மண் அணைப்போ கொடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. மழை பிடித்த பிறகு நட வேண்டும். கூடலூர்ப் பக்கம் ஆனியில், கோத்தகிரிப் பக்கம் ஐப்பசியில். ஐப்பசியில் நட்டால் பின்னாலேயே உறைபனி வருகிறது. இளந்தேயிலைக்குச் செய்கிற மாதிரி பெரணித் தழையைக் கன்றுக்கு மேல் செருகி வைக்க வேண்டும். நட்டபின் இரண்டு வருஷமாவது வட்டக் களை எடுத்து, மாட்டையும் தீயையும் தடுக்க வேண்டும்.

குழிக்குக் கூலி தருகிறவர்கள் இந்த இரண்டு வருஷக் களைக்கும் காவலுக்கும் கூலி தருவார்களா என்று அந்தத் தாய் கேட்க வேண்டும். பெரும்பாலும் நடுகிற அன்றைக்குப் படம் பிடிக்க ஆள் வருகிறது, களை எடுக்கிற அன்றைக்கு ஒருவரும் வருவதில்லை.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. மரம் இருந்தால் மலை சரியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். மேல்மண்ணை வேர் பிடித்துக்கொள்ளும், உண்மை. ஆனால் நாள் கணக்கில் பெய்து ஆழத்து மண் ஊறிப் பெயரும்போது மரத்தோடு சேர்ந்தே வரும். 2014 அக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையிலும், 2020 ஆகஸ்டில் மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியிலும் லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறக்கவில்லை. பெட்டிமுடியில் மட்டும் 70 பேர். லயத்துக்கு மேலே சரிவில் விரிசல் கண்டால், ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கினால், மரம் இருக்கிறதே என்று உட்கார்ந்திருக்கக் கூடாது, கிளம்பிவிட வேண்டும். அதேபோல லயத்துக்குப் பக்கத்தில் ஓங்கி வளர்கிற மரம் வைக்கவே கூடாது. மரம் எவ்வளவு உயரம் போகுமோ அவ்வளவு தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். கருப்பந்தைல மரம் முறிந்து லயத்துக் கூரையில் விழுந்தது என்ற செய்தி ஒவ்வொரு மழைக்காலமும் வருகிறது.

பேசிக்கொண்டே வெகுதூரம் வந்துவிட்டோம். இந்தச் சிங்கப்பூரும் ஒரு காலத்தில் மொட்டையடிக்கப்பட்ட தீவுதான் என்று சொன்னபோது இருவரும் நம்பவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கம்பீரும் மிளகும் பயிரிட்டவர்கள், கம்பீர் இலையைக் காய்ச்ச விறகுக்கும் சேர்த்துக் காட்டை வெட்டினார்கள். மண் செத்ததும் அடுத்த காட்டுக்குப் போனார்கள். விட்டுப்போன இடமெல்லாம் லாலாங் புல். தாவரத் தோட்டத்துக் கண்காணிப்பாளர் கான்ட்லி 1883ல் காடுகளைப் பற்றி அறிக்கை எழுதிய பிறகுதான் காப்புக்காடுகள் ஒதுக்கி, நாற்றங்கால் போட்டு, மரம் நடத் தொடங்கினார்கள். 1971ல் முதல் மரம் நடு நாளுக்கு ஃபேபர் குன்றைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே மரம் வைத்தது சரி. ஏனென்றால் இங்கே இருந்தது காடு. லாலாங் பின்னால் வந்து உட்கார்ந்தது. நீலகிரி மேட்டுப் புல் பின்னால் வந்ததல்ல.

இளையவர் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து ஊருக்குப் போட்டார். நமக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

"அம்மா, அந்த மேடு யாரு நெலம்? தோட்டத்துதா, காட்டிலாகாவுதா? மொதல்ல அதைக் கேளு."

அம்மா என்னமோ சொன்னார். பின்னணியில் தண்ணீர் விழுகிற சத்தம். பீலிக்கரையில் நின்றுதான் பேசினார் போலிருக்கிறது.

"ஊத்துக்கு மேல ஒரு கன்னுகூட வேணாம்னு சொல்லு. மத்தவங்களையும் சொல்லச் சொல்லு. கன்னு குடுத்தே ஆவேன்னா, பிரட்டுக்களத்துக்குக் கீழ காத்தடிக்கிற ஓரத்துல ரெண்டு வரிசைக்கு மட்டும் வாங்கு. சீகை வேணாம். சோலை ஓரத்துக்கு நாவக்கன்னு இருக்கான்னு கேளு. களை எடுக்கக் கூலி உண்டான்னும் கேளு... என்னது? ஆமா, நான்தான் அன்னைக்கு வச்சுட்டுப் போங்கன்னு சொன்னேன். அது தெரியாமச் சொன்னது. வெறகா? வெறகுக்கு வேற எடம் பாப்போம்மா."

மூத்தவர் கையை நீட்டிக் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"அம்மா, நான் தலவாக்கலைக்காரன் பேசுறேன். இப்ப ஒரு கொடம் ரொம்ப எவ்வளவு நேரமாவுதுன்னு பாத்துக் குறிச்சு வைங்க. ஒவ்வொரு மாசமும் குறிச்சு வைங்க. நாங்க குறிச்சு வைக்காம விட்டுட்டோம்."